கரடிக்கு நின்ற பஸ்

வின்னி ப்ளேக் பஸ்ஸை நிறுத்தியதற்காக வேலையை இழந்தவள். குடித்துவிட்டு ஓட்டவில்லை, பள்ளத்தில் இறக்கவில்லை. நிறுத்தினாள், அவ்வளவுதான். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் காறித் துப்புவார்கள்.

டாசன் ஊரிலிருந்து வடகடல் வரை போகிற சரளைக்கல் சாலையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. யார் வண்டியாவது ஓரமாக நின்றால் நீயும் நிற்க வேண்டும். கண்ணாடியை இறக்கி, எல்லாம் சரியா என்று கேட்க வேண்டும். அவன் சரி என்று தலையாட்டும்வரை நகரக் கூடாது. உதவி வாங்கியவன் நன்றி என்று வாயெடுத்தால், "அத அடுத்தவனுக்குக் குடு" என்பார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஊருக்கும் ஊருக்கும் நடுவே நாள் முழுக்க ஓட்டினாலும் போன் எடுக்காத இடத்தில் எழுதி வைத்து யார் படிப்பது?

வின்னிக்கு அந்தச் சட்டம் வயிற்றிலேயே தெரியும். அவள் பீல் ஆற்றங்கரையில் இருக்கிற மெக்பர்சன் ஊர்க்காரி. தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, ஜனவரிக் குளிரில், மலைக் கணவாயில் புருஷனின் வண்டி செத்துப்போனது. மளிகை ஏற்றி வந்த லாரிக்காரன் ஒருவன் நின்றான். அந்த லாரியின் சீட்டில்தான், உருளைக்கிழங்கு மூட்டையில் சாய்ந்துகொண்டு, மகள் எஃபியைப் பெற்றாள். அந்த மகராசன் பெயர் இன்றுவரை தெரியாது. எஃபிக்கே இப்போது இரண்டு பிள்ளைகள்.

பிறகு வின்னியே அந்தச் சாலையில் வண்டி ஓட்ட வந்தாள். முதலில் சரளை லாரி, அப்புறம் பனி தள்ளும் வண்டி, கடைசியில் பெர்ட் கிழவனின் சுற்றுலா பஸ். பெர்ட்டுக்கு ஊர் வழக்கம் தெரியும். வழியில் எவன் நின்றாலும் ஏற்றிக்கொள், இடம் இல்லாவிட்டால் என் மடியில் உட்காரட்டும் என்பான். அவனுக்கு முழங்கால் போனது. தெற்கத்திக் கம்பெனி ஒன்றுக்கு பஸ்ஸை விற்றுவிட்டுப் போனான். கம்பெனியோடு வந்து இறங்கினான் ப்ரெண்ட், சுற்றுலா மேலாளர். முப்பது வயது, நல்ல சட்டை, நல்ல பல்.

முதல் நாளே அவன் விதியைச் சொன்னான். "வின்னி, இனிமே நினைச்ச இடத்துல எல்லாம் நிறுத்தக் கூடாது. விலங்கு தெரிஞ்சா மட்டும் நிறுத்துங்க. அதுக்குத்தான் ஜனங்க காசு குடுக்குறாங்க."

"மனுஷங்க தெரிஞ்சா?"

அவன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான்.

அந்த செப்டம்பரில் சீசனின் கடைசிப் பயணம். பஸ் நிறையத் தெற்கத்தி ஆட்கள். காலையில் சாலையோரம் ஒரு பெரிய பழுப்புக் கரடி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. வின்னி நிறுத்தினாள். கரடி தோண்டியது, சொறிந்தது, இவர்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அரை மணி நேரம் அந்தப் பின்புறத்தைப் படம் எடுத்தார்கள். ப்ரெண்டுக்கு முகமெல்லாம் பல். "அவசரமே இல்ல வின்னி, மெதுவா எடுக்கட்டும்" என்றான்.

மத்தியானம் கணவாயில் பனிக்காற்று பிடித்தது. வளைவு திரும்பியதும் ஓரத்தில் ஒரு பழைய பிக்கப், என்ஜின் மூடியைத் தூக்கி வைத்தபடி நின்றது. பக்கத்தில் குல்லாய் போட்ட கிழவர் ஒருவர் கையைத் தூக்கினார். வின்னியின் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீங்க" என்றான் ப்ரெண்ட்.

"அது ஏபல் மாமா. எங்க ஊர்க்காரரு."

"யாரா இருந்தாலும் சரி. ஆத்தைத் தாண்ட பஸ்ஸை ஏத்துற கடைசிப் படகைப் பிடிக்கணும். வெளி ஆளை ஏத்தினா இன்சூரன்ஸ் கிடையாது. போயிட்டே இருங்க, ஊருக்குப் போய்த் தகவல் சொல்லிக்கலாம்."

ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாம்! அதற்குள் கிழவர் விறைத்துப்போவார், தகவலைச் சவப்பெட்டிக்குச் சொல்லலாம்.

"தம்பி, காலையில கரடிக்கு நின்னேன். அதோட குண்டிக்கு அரை மணி நேரம் நின்னேன். ஏபல் மாமாவுக்கு நாலு நிமிஷம் நிக்க மாட்டேனா?"

"நிறுத்தினா உங்களுக்கு வேலை இருக்காது, வின்னி. நான் விளையாட்டுக்குச் சொல்லல."

ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான். அந்த வேலையில்தான் அவள் குளிர்காலத்து எண்ணெய் அடுப்பு எரிந்தது. அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வின்னி பஸ்ஸை ஓரம் கட்டிக் கதவைத் திறந்தாள்.

ஏபல் மாமா ஏறினார். பின்னாலேயே அவர் பெண்சாதி டோரா, கையில் கரிபு மான் கறி மூட்டையோடு. மகள் வீட்டுக்குப் போகிற வழியில் என்ஜின் பெல்ட் அறுந்துவிட்டதாம். டோராவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்னடி வின்னி, இவ்ளோ நேரமா? ஒரு நரியும் ஒரு காக்காவும் வந்துச்சுங்க, ரெண்டுக்கும் வண்டி ஓட்டத் தெரியலையாம்" என்றார் மாமா.

"நீ பெல்ட்ட மாத்தாம காக்காய வேலைக்கு வெப்ப. ஏறி உக்காரு மாமா."

சும்மா சொல்லக் கூடாது, வந்த ஜனங்கள் நல்ல ஜனங்கள். ஒரு அம்மாள் தன் கோட்டைக் கழற்றி டோராவுக்குப் போர்த்தினாள். உடம்பு சூடேறியதும் டோரா மூட்டையை அவிழ்த்து உலர்ந்த கறியைக் கிழித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள். மாமா புளுகிய வேட்டைக் கதைக்கு பஸ்ஸே குலுங்கியது. ப்ரெண்டும் படம் எடுத்தான். படகு? ஆற்றங்கரையில் படகுக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். வின்னியின் பஸ் வரவில்லை என்றால் வழியில் யாருக்கோ நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாதா?

ஆக ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் ப்ரெண்ட் சொன்ன சொல் தவறாதவன். டாசனுக்குத் திரும்பிய மறுநாளே, "சாவியை வச்சுட்டுப் போங்க" என்றான்.

அந்தக் குளிர்காலம் வின்னி ஓட்டலில் தரை துடைத்தாள். அதைக்கூட அவள் பொறுத்தாள். பொறுக்க முடியாதது ஜூனில் வந்தது. பெட்ரோல் பங்கில் நிற்கிறாள், கம்பெனியின் புது பஸ் அவளைக் கடந்து போகிறது. பஸ்ஸின் விலா முழுக்க ஒரு படம். டோரா கறி நீட்டுகிறாள், கோட்டுக்கார அம்மாள் சிரிக்கிறாள், ஓரத்தில் ஸ்டியரிங் மேல் ஒரு பெண்ணின் கை. கைக்கு மேலே வெட்டிவிட்டார்கள். கீழே கொட்டை எழுத்தில்: 'வழியில் யாரையும் விட்டுப்போகாத வடக்கு. எங்களோடு வாருங்கள்.'

அடப்பாவிகளா! நிறுத்தியவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நிறுத்தியதை விற்கிறார்களே, நெஞ்சில் ஈரம் இருக்கிறவன் செய்கிற காரியமா இது? பெட்ரோல் டாங்கில் நிறைந்து வழிந்து செருப்பில் கொட்டியதுகூட வின்னிக்குத் தெரியவில்லை.

மெக்பர்சனுக்குப் போய் டோராவிடம் சொல்லி அழுதாள். "படத்துல என் மூக்கு நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டாள் டோரா. அப்புறம் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "என்னைய ஒரு வார்த்த கேட்டானா அவன்?"

"அந்த பஸ் என்னைக்காவது வழியில நிக்கும். அன்னைக்கு ஹார்ன் அடிச்சுக்கிட்டே போயிடு" என்றார் மாமா.

"போவேன். எங்க எஃபி தலைமேல சத்தியமா, நிக்கவே மாட்டேன்" என்றாள் வின்னி. ஊரே கேட்டது.

ஆகஸ்ட் கடைசியில், மழையில், அதே கணவாயில் அந்த பஸ் நின்றது. கூரான கல் ஒன்று அடியில் எதையோ கிழித்து, எண்ணெய் எல்லாம் சேற்றில் ஓடிக் கிடந்தது. உள்ளே ஜனங்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ப்ரெண்ட் சாலை நடுவே, நல்ல சட்டை நனைந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால், பஸ் படத்தில், டோரா கறி நீட்டிக்கொண்டிருந்தாள்.

எதிரே வந்தது வின்னியின் பிக்கப். வண்டியை அடையாளம் கண்டதும் ப்ரெண்டின் கை மெல்லக் கீழே இறங்கியது.

வின்னி ஹார்னில் கை வைத்தாள். அழுத்தினாள், நீளமாக. பஸ்ஸைத் தாண்டியும் போய்விட்டாள். பின்கண்ணாடியில், அவன் மழையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது.

வண்டி பின்னோக்கி வந்து அவன் பக்கத்தில் நின்றது. வின்னி கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன தம்பி, நிறுத்தியிருக்கீங்க?" என்றாள். "கரடியா?"

அவன் வாயைத் திறந்தான். மழைத்தண்ணீர்தான் உள்ளே போனது.

வின்னி டீ பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.