ஹெட்லியைப் பூட்டிவைத்த ஜூன் மாதம்

நெதர் ஆஷ்காட்டைப் போல அழகான ஊர் கிடையாது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அழகுக்காக ஒரு மனிதனை மாதம் முழுக்கப் பூட்டிவைத்ததை மட்டும் சொல்ல மாட்டார்கள். பூட்டியவள் அவனுடைய சொந்த அக்கா டோர்கஸ்.

டோர்கஸ் சின்ன வயதிலேயே பண்ணைக்குப் பால் கறக்கப் போனவள். கல்யாணம் ஒருமுறை அவளைத் தேடி வந்தது. தம்பி ஹெட்லியை விட்டுவிட்டு வா என்றார்கள். வந்தவரை வந்த வழியே அனுப்பிவிட்டாள். ஹெட்லிக்கு ஐம்பது வயதாகியும் புத்தி நாலு வயதில் நின்றுவிட்டது. இருவரும் இருந்தது தேவாலயத்தை ஒட்டிய தர்ம வீட்டில். எந்தக் காலத்திலோ ஒரு கம்பளி வியாபாரி ஏழைப் பெண்களுக்கென்று எழுதிவைத்த கல் வீடு அது. யார் ஏழை என்பதைக் கமிட்டி முடிவு செய்யும். கமிட்டி என்றால் வெனபிள்ஸ் அம்மா.

ஹெட்லி பகலெல்லாம் கடைத்தெருவின் பழைய கற்சிலுவைப் படியில் உட்கார்ந்திருப்பான். எச்சில் வழியும். கார் வந்தால் எழுந்து நின்று, "வாங்க! எங்கக்கா டீ போடும்!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவான்.

அந்த வருஷம் மாவட்டத்தின் அழகான கிராமத்துக்கான போட்டியில் ஊர் பெயர் கொடுத்தது. நடுவர்கள் ஜூனில் எந்த நாளிலும் சொல்லாமல் வருவார்கள். வெனபிள்ஸ் அம்மா செடி வெட்டும் கத்தரியும் கையுமாக டோர்கஸின் வாசலில் வந்து நின்றாள்.

"டோர்கஸ், இந்த மாசம் உன் தம்பி யார் கண்ணுலயும் படக்கூடாது."

"வீட்டுக்குள்ளயே வெச்சுக்கறேம்மா."

"வீட்டையும்தான் பார்க்க வருவாங்க. ஜன்னல்ல நின்னு கத்துவான். குளத்தங்கரைக் கொட்டடி சும்மாதானே கிடக்கு? பகல்ல அதுல விடு."

அந்தக் காலத்தில் குடிகாரர்களையும் திருடர்களையும் அடைத்துவைத்த, கல்லால் கட்டிய வட்ட அறை அது. ஜன்னலே கிடையாது.

"இருட்டுன்னா நடுங்கிருவாம்மா."

"அப்ப பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். தர்ம வீட்டுல ஆம்பளைய வெச்சிருக்கறதே தப்பு. நான்தான் கண்டும் காணாம இருக்கேன்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது. டோர்கஸ் சாவியை வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் ஹெட்லி கதவைக் குத்திக் குத்தி விரல் முட்டியெல்லாம் ரத்தம். கறிக்கடைக்காரன் கேட்ஸ்பி கடை வாசலில் நின்று, "என்ன டோர்கஸ், கூண்டுல புதுக் கிளி விட்டிருக்கியாமே? நல்லாப் பாடுது!" என்றான். இருந்தவர்கள் சிரித்தார்கள். சத்தம் வெளியே வந்தால் எல்லாம் வீண் என்று வெனபிள்ஸ் அம்மா சொல்லியனுப்பினாள்.

மறுநாள் டோர்கஸ் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தம்பி மடியில் வைத்து அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "இந்தா பாரு. சத்தம் கேட்டுச்சுன்னா அக்கா போயிடுவேன். திரும்பி வரவே மாட்டேன்."

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதைவிடக் கொடியது வேறு இருந்திருக்காது. அதன்பிறகு கொட்டடியிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

மாதக் கடைசியில் நடுவர்கள் வந்தார்கள். கொட்டடியின் பழமையைக் கண்டதும் அவர்களில் தொப்பி போட்டிருந்த ஒருவர் வியந்து வாய் பிளந்தார். கைத்தடியால் கதவை ஓங்கித் தட்டி, "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"காலி. வௌவால்கூட இல்ல" என்றாள் வெனபிள்ஸ் அம்மா.

கூட்டத்தின் பின்னால் டோர்கஸ் நின்றிருந்தாள். கத்திவிடாதே என்று வேண்டினாள். அடுத்த நொடியே, கத்திவிடுடா என்றும் வேண்டினாள். ஹெட்லி கத்தவில்லை.

பரிசு கிடைத்தது. சிலுவைக்குப் பக்கத்தில் பலகை நட்டார்கள். ஹெட்லி பழையபடி படியில் வந்து உட்கார்ந்தான். கார்கள் வந்தன, போயின. அவன் வாயைத் திறக்கவேயில்லை. வீட்டிலும் அப்படித்தான். "எல்லாரும் போயிட்டாங்கடா. அக்கான்னு ஒரு தடவை கூப்பிடுடா" என்று டோர்கஸ் அழுது பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். அடி வாங்கும்போதும் அவன் சத்தம் போடவில்லை.

பரிசு விருந்தன்று வெனபிள்ஸ் அம்மா படியருகே வந்தாள். "பரவாயில்லையே டோர்கஸ், நல்லாப் பழக்கிட்டே. அடுத்த வருஷம் பூட்டக்கூட வேண்டாம்."

டோர்கஸுக்கு உச்சந்தலைவரை கொதித்தது. வீடு போனால் போகட்டும். ஆயுசு முழுக்க விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்தது.

"நீயெல்லாம் ஒரு மனுஷியா" என்று ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

அடுத்த வார்த்தை வருவதற்குள் ஹெட்லி நடுங்கிக்கொண்டு படியிலிருந்து தாவி வந்து, இரண்டு கையாலும் அக்காவின் வாயை இறுக்கிப் பொத்தினான்.