ஒரு குப்பிச் சலமும் றெஜினா அக்காவும்

சாவுச் செய்தி தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "இண்டைக்கு ஒருத்தரும் பிள்ளையளைக் கொண்டு வராதேங்கோ. அம்மாவுக்கு விடியக் காலமை நெஞ்சு நோவு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக முதலே மோசம் போயிட்டா." றெஜினா அக்காவின் மகன் எழுதியிருந்தார். என் மகள் அவருடைய கார்டெரியை, வீட்டில் அவர் நடத்திய பிள்ளை பராமரிப்பை, விட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் குழுவிலிருந்து என்னை ஏன் யாரும் நீக்கவில்லை, நானாக ஏன் விலகவில்லை என்று தெரியவில்லை. காரின் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த நான் அதை மூன்று முறை வாசித்தேன். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். பிறகு அழித்துவிட்டேன். அது போதாது என்று அழித்தேனா, போட எனக்கு உரிமையில்லை என்று அழித்தேனா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கார்ட்டியர்வில் பகுதியில் அவருடைய பேஸ்மெண்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்கு ஓடிய உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மன்னார்க்காரி. பார்த்துக்கொள்ள நம் பிள்ளைகள் ஆறு பேர், உதவிக்கு அவருடைய தங்கை. சுவரில் வேளாங்கண்ணி மாதா. அதற்குக் கீழே பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பார்கள். நாம் எதைச் சொன்னாலும் மறுக்கமாட்டார். சீனி குடுக்காதேங்கோ. ஓம். டிவி வேண்டாம். ஓம். இவ்வளவு நல்ல மனுசி எங்கே கிடைக்கும் என்று வேலையிடத்தில் பெருமையடித்தவள் நான்.

மகளுக்கு ஒரு வயதும் ஒரு மாதமும் ஆனபோது ஒருநாள் நேரத்தோடு கூட்டிவரப் போனேன். குளியலறையில் றெஜினா அக்கா மகளைப் பம்பேர்ஸ் இல்லாமல் தன் கால்களில் இருத்தி, "ஸ்ஸ்ஸ்" என்று மெல்ல ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்றது. இரண்டு வயதுக்கு முன் பிள்ளையைக் கழிப்பறைப் பழக்கத்துக்கு வற்புறுத்தக் கூடாது என்று கைபேசியில் வாசித்து வைத்திருந்தேன். "இது ஊரில்லை அக்கா. இதெல்லாம் வேண்டாம்" என்றேன். "வற்புறுத்தேல்லைப் பிள்ளை. அவ முகத்தில சொல்லுவா, நான் பாத்துக்கொண்டிருக்கிறன், அவ்வளவுதான்" என்றார். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். "ஓம், விட்டிடுறன்" என்றார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து மகளுக்குக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, நாலு நாளாக இறங்கவும் இல்லை. சிறுநீரில் கிருமி இருக்கலாம், விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம் என்றார் டாக்டர். பரிசோதனைக்குச் சலம் எடுத்த பிறகுதான் மருந்து. ஒட்டுகிற பிளாஸ்டிக் பை இரண்டும் ஒரு குப்பியும் தந்து, நாலு மணிக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து மகளைக் கழுவித் துடைத்தேன். துடைத்த கையோடு, பிறந்த நாளிலிருந்து செய்வதுபோல, பவுடரும் பூசினேன். நம் வீடுகளில் பவுடர் பூசாத பிள்ளை ஏது? பவுடரில் பை ஒட்டுமா? தொடையால் வழுக்கி விழுந்தது. இரண்டாவது பையை ஒழுங்காக ஒட்டி, மேலே பம்பேர்ஸை இறுக்கிக் கட்டினேன். ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் பை காய்ந்து கிடந்தது, பம்பேர்ஸ் கனத்துப்போயிருந்தது. கணவர் வேலையிலிருந்து போன் எடுத்தார். "அந்தப் பம்பேர்ஸைப் பிழிஞ்சு எடுக்கேலாதோ?" என்று கேட்டார். படித்த மனுசன். அதைவிட வெட்கம், நான் ஏற்கெனவே பிழிந்து பார்த்திருந்தேன். பசைதான் வந்தது.

நாளைக்கும் மகள் வரமாட்டாள் என்று சொல்லத்தான் றெஜினா அக்காவுக்கு எடுத்தேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். "இப்பவே கொண்டு வாங்கோ. கீழ வேண்டாம், மேல வாங்கோ" என்றார்.

மற்றப் பிள்ளைகளைத் தங்கையோடு விட்டுவிட்டு வந்தார். மகளைக் கழுவினார், பவுடர் இல்லை. தன் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்து, மகளைக் கால்களில் சாய்த்து, அதே ஒலியை எழுப்பினார். காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்தவள் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரந்தான். "முதல் வாறது வேண்டாம். நடுவில வாறதைப் பிடிக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே குப்பியைப் பிடித்தார். அரைக் குப்பி.

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். சந்தோசந்தான். ஆனால் பழக்கமில்லாத பிள்ளை அப்படிப் போகாது என்பது எனக்கும் தெரியும். "நீங்கள் நிப்பாட்டேல்லை" என்றேன். அவர் மூடியை இறுக்கினார். "ஓம், நிப்பாட்டேல்லை. இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ. பேந்து வந்து என்னை ஏசுங்கோ."

நான் ஏசவில்லை. நன்றியும் சொல்லவில்லை. கிருமி இருந்தது, மருந்து கொடுத்து மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சிறுநீரகத்துக்கு ஸ்கான் எடுத்தார்கள். மறுவாரம் வாசலில் வைத்து, "ஸ்கான் என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார். "பேந்து சொல்லுறன் அக்கா" என்று மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நன்றி சொன்னால் அவர் பொய் சொன்னதைச் சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேனோ என்னவோ. அவர் பிறகு கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் என் வேலையிடத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது, மகளை மாற்றினேன். தூரந்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சனிக்கிழமை அவருடைய அடக்கப் பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நம்மில் ஐந்தாறு தாய்மார் நின்றோம். "நானும் அந்த 'ஸ்ஸ்ஸ்' வேண்டாமெண்டு சொன்னனான், ஓம் எண்டவ" என்றார் ஒருவர். "எனக்கும் ஓம் எண்டுதான் சொன்னவ" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "என்ர மகன் ஒண்டரை வயசில பம்பேர்ஸை விட்டவன். கெட்டிக்காரன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்" என்றார். சிரித்தோம்.

என்னிடம் கேட்காமல் என் பிள்ளைக்கு ஒன்றைப் பழக்கியது பிழை; இன்றும் அதைப் பிழை என்றே சொல்வேன். அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் என் பிள்ளைக்குக் குழாய்தான் விட்டிருப்பார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க எனக்குப் பழக்கமில்லை. இறந்தவரோடு கோபத்தை விட்டுவிட வேண்டும் என்பார்கள். நான் விடப்போவதில்லை. விட்டால் அவர் வெறும் நல்ல மனுசியாகிவிடுவார். எனக்கு அந்தப் பிடிவாதக்காரிதான் வேண்டும். அவரில் நான் வைத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தைத்தான்.

ஸ்கானில் ஒரு தழும்பும் இல்லை. சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. அவர் வாசலில் நின்று கேட்ட அன்றே அது எனக்குத் தெரியும்.