சவரிமுத்துவின் வலது கண்

ஜெயிலுக்குள் கைதியைக் காப்பது சுலபம். அவரை டாக்டரிடம் காட்டித் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள்தான் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போன சக பாவிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

எழுபதுகளில் ஹைதராபாத் ஆயுதப் படையில் கான்ஸ்டபிளாக இருந்தேன். தமிழ்க் கைதிக்கு எஸ்கார்ட் என்றால் யோசிக்காமல் என் பெயரைப் போட்டுவிடுவார்கள். சவரிமுத்து அப்படித்தான் வந்து சேர்ந்தார். செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஓர் அடிதடியில் எதிராளி செத்துப்போனதால் தண்டனை. இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறி, வைத்தியத்துக்காக அவரை வெளியூர் ஜெயிலிலிருந்து நகர ஜெயிலுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஏன் வரவில்லை?

டாக்டர் தேதி கொடுத்தார். அன்று ஒரு மந்திரி வந்தார். எங்களைப் பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதியில் ஊர்வலம். எஸ்கார்ட் இல்லாமல் கைதி வெளியே வர முடியாது. சவரிமுத்து குளித்துத் தலைவாரி ஜெயில் கேட்டுக்குள் உட்கார்ந்திருந்து, மத்தியானம் திரும்பி உள்ளே போவாராம்.

ஒருவழியாக நாங்கள் கூட்டிப் போனபோது இடது கண் போயே போய்விட்டிருந்தது. வலது கண்ணையாவது காப்பாற்ற உடனே ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். சொன்ன தேதிக்கு வராமல் எங்கே தொலைந்தாய் என்று அவரையே திட்டினார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சவரிமுத்து மெதுவாகச் சொன்னார்: "எங்கேயும் போகல டாக்டர். உள்ளேதான் இருந்தேன்."

பஸ் பயணம்

அட்மிஷன் அன்று வேன் ரிப்பேர். கைவிலங்கும் சங்கிலியுமாக சிட்டி பஸ்ஸில் ஏறினோம்: சவரிமுத்து, நான், என் ஜோடி கான்ஸ்டபிள் யாதகிரி. மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸில் எங்களைச் சுற்றி மட்டும் மூன்று சீட் காலியானது. யாதகிரி உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டான். கண்டக்டர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து உருதுவில் சொன்னதன் தமிழ் இது: "நாளைக்கும் இதே பஸ்ஸுக்கு வாங்க சாப். நான் டிக்கெட் போட நடக்க வழி கிடைக்குது."

சங்கிலி

ஆபரேஷன் முடிந்து, அசையக் கூடாதென்று இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். கட்டிலோடு சங்கிலியும் போட்டிருந்தோம். கண் தெரியாதவன் எங்கே ஓடுவான் என்று நர்ஸம்மா சண்டைக்கு வந்தார். "நக்கோ பாய்", கழற்ற வேண்டாம் என்று தலையாட்டினான் யாதகிரி. கைதி ஓடினால் இருவர் வேலையும் போகும். எனக்கும் பயம்தான், இருந்தாலும் கழற்றினேன்.

சாயங்காலம் பாத்ரூம் போகையில் சவரிமுத்து கதவில் தோளை இடித்துக்கொண்டார். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். போலீஸ்காரன் கையைப் பிடிக்க அவருக்குக் கூச்சம். "சங்கிலியையே போட்டுடுங்க சார்," என்றார். "அது இழுக்கிற பக்கம் நடந்துக்கிறேன்."

கட்டுப் பிரிக்கும் நாள்

அன்று காலையில் மறுபடி பந்தோபஸ்து. கைதியை உடனே ஜெயிலில் விட்டுவிட்டு வரச் சொல்லி உத்தரவு. கட்டை இன்னொரு நாள் பிரித்துக்கொள்ளலாமாம். இன்னொரு நாள் என்பது எப்படிப்பட்ட நாளென்று இடது கண் போனபோதே பார்த்தாயிற்று. எனக்கு ஆத்திரமாக வந்தது. காய்ச்சல், வெயிலில் நிற்க முடியாது, கைதிக்குக் காவலாக உட்கார மட்டும் முடியும் என்று போனில் சிக் ரிப்போர்ட் கொடுத்தேன். யாதகிரி திட்டிக்கொண்டே தனியாகப் போனான்.

டாக்டர் வந்து கட்டைப் பிரித்து விரலைக் காட்டினார். சவரிமுத்து சரியாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி, பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். சந்தோஷமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "முகமெல்லாம் என்ன சார் இப்படி வீங்கிக் கிடக்கு? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

என் சிக் ரிப்போர்ட் பொய் என்று பிறகு மெமோ வந்தது. பொய்யில்லை என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளை நானே கொண்டுபோய் ஜெயிலில் விட்டிருந்தேன்.