கடைக்குக் காவல்

அப்போது ரங்கூன் லான்மடாத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தேன். இனிமேல் எந்தச் சாமியையும் கும்பிடப்போவதில்லை என்று அறிவித்தபோது ஊரே சண்டைக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தெரு முழுக்கச் சந்தோஷப்பட்டது. அதுதான் எனக்கு எரிச்சல்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி பள்ளிவாசலுக்குப் போவார். கடைக்கு நான் காவல். பௌர்ணமியன்று எதிரே மொஹிங்கா என்ற மீன்சாற்றுச் சேமியா விற்கும் பர்மாக்காரம்மா அண்டாவை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் புத்தர் பகோடாவுக்குக் கிளம்பிவிடுவாள். தைப்பூசத்துக்குப் பூக்கடை அண்ணன் காவடி எடுப்பார்; அவருடைய கிளிக்குத் தீனி போடுவதும் நான்தான். "அவனுக்குத்தான் போக இடமில்லையே" என்பார்கள்.

ஒரு நாள் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு தேசத்தில், மதத்தை விட்டு விலகியவனை அரசாங்கமே கல்லால் அடித்துக் கொன்றுவிட்டதாம். வெள்ளைக்காரச் சர்க்காரைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும், நீ யாரைக் கும்பிடுகிறாய் என்று அது ஒரு நாளும் என் கழுத்தைப் பிடித்ததில்லை.

ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்றைக்கூட விடாத முதலாளி, துணி மடிப்பதை நிறுத்தினார்.

"அவன் அல்லாவுக்குப் பதில் சொல்லிக்குவான். நடுவுல இவங்க யாரு தம்பி?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "அது சரி, அந்த ஊர்ல வெள்ளிக்கிழமை கடையை யாரு பாத்துக்குவா?"

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். தொப்பியை மாட்டிக்கொண்டு, சாவியை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.