தள்ளிண்டு போற கார்

போன வாரம் ஒரு புகைப்படக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். இளம் குரல். கல்யாணத்துக்கு முன்னால் மணமக்களை வைத்து எடுக்கிறார்களே, அந்த மாதிரிப் படத்துக்கு என் பழைய திறந்த கார் வேண்டுமாம். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மணி நேரம். "வண்டி ஓடணும்னு இல்ல சார், நின்னா போதும்" என்றார். நிற்பது எப்படி என்று என் காருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் அது கைதேர்ந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை முப்பது வருஷம் பின்னால் கொண்டுபோய் லஸ் முனையில் நிறுத்திவிட்டது.

காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது ஒருவர் எந்த வருஷத்து மாதிரி, எத்தனை குதிரைச் சக்தி என்று ஆரம்பிப்பார். நானும் தேதிப் பைத்தியம்தான், பொழுது விடிந்துவிடும். சீமையில் செய்தது, இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, தலைக்கு மேல் மடக்கி வைக்கும் கான்வாஸ் கூரை. இவ்வளவு தெரிந்தால் போதும். நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனபின் வாங்கினேன். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அப்பா, திருநெல்வேலிக்காரர், அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கூர இல்லாத வீட்ட எவனாச்சும் வாங்குவானாடே?"

கூரை இருந்தது. ஆனால் ஐப்பசி மழையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இடது பக்கத் தையலில் கசியும். பக்கத்தில் உட்காருபவர் காருக்குள் குடை பிடிக்க வேண்டும். மழை விட்டதும் கூரையை மடக்கினால் ஈரக் கான்வாஸும் பழைய தோலும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை எழும். இன்றும் எங்காவது கூடாரத் துணி நனைந்து காய்ந்தால் என் வலது கால் தானாக ஆக்சிலரேட்டரைத் தேடுகிறது.

வாசனை என்று சொன்னேன் அல்லவா, அந்தக் காரை நான் பாதி மூக்கால்தான் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரையை மடக்கிவிட்டுக் கிளம்பினால் மயிலாப்பூரில் காப்பிக்கொட்டை வறுபடும். கொஞ்சம் தள்ளி மல்லிகை. சாந்தோம் தாண்டுவதற்குள் பட்டினப்பாக்கத்து மீன். அடையாறு பாலம் வந்துவிட்டதை ஆறே சொல்லிவிடும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும். உட்காரும் இடம் தரையை ஒட்டி இருக்கும். பல்லவன் பேருந்து பக்கத்தில் வந்தால் அதன் சக்கரத்து நட்டுகள் என் காதுக்கு நேராகச் சுழலும். மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போனாலும் நூறில் போகிற மாதிரி இருக்கும். இதைவிட வேகமான பல கார்களில் பிற்காலத்தில் போயிருக்கிறேன். ஒன்றிலும் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதே தெரிந்ததில்லை.

இந்தச் சுகத்துக்கு நான் கட்டிய கப்பம் டேவிட். கோடம்பாக்கத்தில் மெக்கானிக். தான் கை வைக்காத நடிகர் கார் தமிழ்நாட்டிலேயே கிடையாது என்று சொல்லிக்கொள்வார். பாதி பொய். மீதியையும் நான் நம்பியதில்லை. என் காருக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் இருமும். டேவிட் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்பார். ஒவ்வொரு முறையும் "இப்ப புருசன் பொஞ்சாதி மாதிரி ஒத்துமையா கீது" என்பார். திங்கட்கிழமைக்குள் விவாகரத்து ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய தொந்தரவு வேறு. மயிலாப்பூர்க் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முந்தின மாலை மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு போட்டு, திறந்த காரில் உட்கார்த்தி, நாதஸ்வரத்தோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவார்கள். ஜானவாசம் என்று பெயர். அதனால் அந்த ஊரில் திறந்த கார் என்றால் அது ஜானவாசக் கார்தான். வேறு எதற்காகவும் ஒருவன் கூரையில்லாமல் போவான் என்று யாரும் நம்பத் தயாராக இல்லை. நான் கல்யாணம் ஆகாதவன். சிக்னலில் நின்றால் பக்கத்து ஸ்கூட்டர்காரர் என் கழுத்தில் மாலையைத் தேடுவார். மாட வீதியில் ஒரு மாமி என்னை நிறுத்தி, ஆவணியில் எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று கேட்டார். எனக்கே அது தெரியவில்லையே என்றுதான் வீட்டில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், வைகாசியில், என்னோடு வங்கியில் வேலை பார்த்த ரகுவுக்குக் கல்யாணம். தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ரகுவுக்கும் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டும் வேறு வேறு தேதி, ஆகவே விட்டுவிடுகிறேன். ஜானவாசத்துக்கு முதல் நாள் காலை, பெண்ணின் அப்பா என் வாசலில் நின்றார். மெலிந்த மனிதர், பள்ளிக்கூட வாத்தியார். பேசி வைத்திருந்த பெரிய கார் சினிமா படப்பிடிப்புக்குப் போய்விட்டதாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வெத்தலபாக்கு மாத்தின அன்னிக்கே காப்பி ஆறிடுத்துன்னு மாப்பிள்ளையோட பெரியப்பா ஒரு குறை சொல்லியாச்சு. ஓப்பன் கார்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதுவும் இல்லேன்னா என் பொண்ணு ஆயுசு பூரா பேச்சு கேக்கணும் சார்."

சரி என்று சொல்லிவிட்டு நேரே கோடம்பாக்கம் போனேன். டேவிட் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "இன்னா சார், இது ரேஸ் குதிர. இத்த போயி கோயில் யானையாட்டம் நடக்க சொல்றியே" என்றார். விஷயம் இதுதான். காற்று மூக்கில் மோதினால்தான் இந்த வகைக் கார் குளிரும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போனால் பத்து நிமிஷத்தில் கொதித்துவிடும். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. சீமைக்காரன் குளிருக்காக வைத்த ஹீட்டரைத் திறந்துவிட்டால் இஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். இஞ்சின் பிழைக்கும், ஓட்டுபவன் வேகுவான். சென்னை வைகாசியில் காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போனவர்கள் அநேகமாக நானும் ரகுவும் மட்டும்தான்.

மறுநாள் சாயங்காலம் லஸ் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் புறப்பாடு. மடக்கிய கூரையின் மேல் ரகு, இருக்கையில் கால்கள், உடம்பில் கம்பளிக் கோட்டு. முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் தலையில் டியூப்லைட் சுமந்த ஆட்கள், வெகு தூரம் பின்னால் ஜெனரேட்டர் வண்டி. கதம்ப மாலை சுற்றிய அந்த நீண்ட மூக்கைப் பேருந்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு அழகாக அந்தக் காரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரகுவின் பெரியப்பா காரை ஒட்டியே நடந்து வந்தார். நல்ல உயரம், சங்கீதத்தில் பெரிய ரசிகர் என்று ரகு சொல்லியிருந்தான். உள்ளே அனல் காற்று என் வேட்டியைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டிருந்தது. ரகு மேலிருந்து மெல்லிய குரலில், "டேய், கீழேர்ந்து யாரோ அடுப்பு மூட்றாங்கடா" என்றான்.

இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே வந்தது. நாயனக்காரர் மாட வீதித் திருப்பத்தில் நின்று தோடியை எடுத்தார். நல்ல தோடி. அவசரமே இல்லாத தோடி. எதிரே வந்த பேருந்துகூட இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்து நின்றது. முள் சிவப்பைத் தொட்டது, மூக்கிலிருந்து ஆவி எழும்பியது, இஞ்சின் ஒரு முறை குலுங்கி அணைந்தது. தோடி முடிந்து ஊர்வலம் நகர, கார் நகரவில்லை. ரகு இறங்கப் பார்த்தான். மாப்பிள்ளை நடு வழியில் இறங்கப்படாது என்று யாரோ அதட்டினார்கள்.

பெரியப்பா குனிந்து ஆவியைப் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். "என்ன ஓய், கார் நின்னுடுத்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த வாத்தியார் முன்னால் வந்துவிட்டார்.

"நிக்கலை. நான்தான் நிறுத்தச் சொன்னேன். இஞ்சின் சத்தத்துல தோடி பாதி காதுல விழலை. எங்காத்துல ஜானவாசக் காரைத் தள்ளிண்டுதான் போற வழக்கம்."

சொல்லிவிட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, தனியாகப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பெருமையே அதன் எடைக் குறைவுதான். கியரை விடுவித்தேன், அந்த மெலிந்த மனிதர் ஒருவர் தள்ளியதற்கே அசைந்து கொடுத்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நடந்தார். நாயனம் சுத்தமாகக் காதில் விழுந்தது. "பேஷ். இதுன்னா வழக்கம்" என்று சொல்லி, அவரும் கையை வைத்தார். அதன்பின் இரண்டு வீட்டாரும் முண்டியடித்துக்கொண்டு தள்ளினார்கள். எனக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பதைத் தவிர வேலையில்லை. மண்டப வாசலில் பெண்ணின் அப்பா என் காதருகே குனிந்தார். "சார், இப்போ மட்டும் ஸ்டார்ட் பண்ணிடாதேங்கோ."

பெரியப்பா போகிற கல்யாணத்தில் எல்லாம் இந்த வழக்கத்தைப் புகழ்ந்திருக்கிறார். அதற்கப்புறம் சில முகூர்த்தக் காலங்களுக்கு, 'தள்ளிண்டு போற கார்' இருக்கிறதாமே என்று விசாரித்துக்கொண்டு என்னிடம் ஆள் வந்தது. நானும் போனேன். இஞ்சினை அணைத்த என் கார், தோடிக்கும் கல்யாணிக்கும் பின்னால், மயிலாப்பூரின் பாதித் தெருக்களில் ஓசையில்லாமல் உருண்டிருக்கிறது. டேவிட்டுக்கு மட்டும் கடைசிவரை வருத்தம். "இஞ்சின் கட்டனது நானு, தள்ளிகினு போறது மாமாங்களா?"

போன ஆண்டு ரகுவின் மகளுக்குக் கல்யாணம். ஜானவாசம் வைக்கலாமா என்று ரகு கேட்டுப் பார்த்தான். ஊர்வலத்துக்கு ரோடு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். குளிரூட்டிய மண்டபம், மேடை, வரவேற்பு, சாப்பாடு. கை கழுவும் இடத்தில் ரகுவின் மனைவி உமா, அன்றைய கல்யாணப் பெண், என்னிடம் சொன்னாள்:

"எங்காத்துல அப்படி ஒரு வழக்கமே கிடையாது, தெரியுமோ? அப்பா அன்னிக்கு ராத்திரியே வந்து என்கிட்ட சொல்லிட்டார். இத்தனை வருஷமா மாமியாராத்துல யார் கேட்டாலும், ஆமாம், கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து இருக்குன்னு நான் சொல்லிண்டிருக்கேன். இப்போ கேக்கறதுக்குத்தான் யாரும் இல்லை."

அந்த வாத்தியார் இல்லை, பெரியப்பா இல்லை, டேவிட்டின் பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. கார் இருக்கிறது, நேற்றுகூட அடையாறு வரை போய் வந்தேன். ஆனால் ஒரு மாப்பிள்ளை வருகிறான் என்பதற்காக, நாயனக்காரர் தோடியை முடிக்கும் வரை, பேருந்தின் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் இருந்த மாட வீதி இப்போது இல்லை.