ஜப்பான் போலீஸ் நிறுத்திய கிராமசபை

‘15.8.1997 அன்று பிற்பகல் பள்ளி வளாகத்தில், ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமசபை கூடியது. தீர்மானங்கள் வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டன. கூட்டம் அமைதியாக முடிந்தது.’

எங்கள் ஊராட்சிப் பதிவேட்டில் அந்த நாளைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். தேதி சரி. வெள்ளிக்கிழமை என்பதைப் பழைய நாட்காட்டி ஒன்றில் பார்த்துக்கொண்டேன். இடமும் சரி. ‘அமைதியாக’ என்ற சொல்லைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே, மேடையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அப்பா என்னைக் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அவர் என்மேல் கை வைத்ததே இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில் இருந்தது. கரும்பும் மரவள்ளியும் போட்டவர்கள் நாங்கள். முந்தைய ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, தலைவர் பதவிக்கு நிற்கச் சித்தப்பா வேட்டியெல்லாம் எடுத்து வைத்திருந்தார். எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும் அந்த வேட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மறுநாள் சித்தியை நிறுத்தினார். சித்தி ஜெயித்தாள். மாலைகள் சித்தப்பாவின் கழுத்தில் விழுந்தன. யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

சித்தி சின்னசேலத்துப் பெண். ரயிலில் சேலத்துக்குப் போய் வந்து வரலாறு படித்தவள். எங்கள் வீட்டில் அந்தப் படிப்பு, அவள் கொண்டுவந்த இரும்பு பீரோவைப் போலத்தான் இருந்தது. வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள், திறக்க மாட்டார்கள்.

சுதந்திரப் பொன்விழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரும்படி தலைமை ஆசிரியர் சித்தியிடம் கேட்டார். எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் அந்த வருடம் தண்டி யாத்திரை நாடகம் போட்டு உப்பு அள்ளினார்கள். நாங்களும் அள்ளுவோம் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். சித்தி கொடுத்த தாள்களைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நம்ம சுதந்திரத்துக்கு ஜப்பான் இன்னாத்துக்கும்மா?”

“அவங்களும் எலக்சன் வெச்சிக்கினு, பேசறதுக்கு மட்டும் பயந்துக்கினு இருந்தாங்க சார். புள்ளைங்களுக்குப் புதுசா இருக்கும்.”

புதுசாகத்தான் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பானில் ஓர் அரசியல் கூட்டம். அங்கே யார் கூட்டம் போட்டாலும் போலீசுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சீருடை போட்ட ஓர் அதிகாரி இடுப்பில் வாளோடு மேடையிலேயே வந்து உட்கார்ந்துகொள்வார். பேசுகிறவரின் பேச்சு பிடிக்கவில்லை என்றால் எழுந்து நிறுத்தச் சொல்லலாம், கூட்டத்தையே கலைக்கலாம். வாசலில் வந்து நிற்கும் பெண்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரசியல் கூட்டத்தில் பெண்கள் காதுகொடுத்துக் கேட்பதும் அந்தச் சட்டப்படி குற்றம்.

அந்த அதிகாரி நான்தான். கரியில் மீசை, பெரியப்பாவின் பழைய மழைக்கோட்டு, அட்டைத் தொப்பி, கரும்புத் தோகை கட்டும் நாரில் தொங்கிய மர வாள். பேச்சாளன் பெரியப்பா மகன். அவன் “இந்நாட்டு மக்கள் சார்பாக” என்று ஆரம்பித்ததும் நான் எழுந்து வாளை உருவி, “பேச்சாளரே, நிறுத்தும்!” என்று கத்த வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மூஞ்சிய ஏன்டி பாக்கற?” என்றாள் சித்தி. “எதுர்ல யாரு நின்னா உனுக்கு இன்னா? ‘சார்பாக’ன்னு காதுல வுழுந்தா எழுந்துரு. கத்து. அவ்ளோதான் உன் வேல.”

“சித்தி, பொம்பளைங்க உள்ள வந்தா இன்னா ஆவும்?”

“ஒன்னும் ஆவாது,” என்று சொல்லிவிட்டு, என் மீசையின் ஒரு நுனியை விரலால் சரிசெய்தாள்.

இதே நாட்களில் வீட்டில் வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. ஊராட்சிக்கு ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்ட அனுமதி வந்திருந்தது. ஊருக்கு வெளியே, கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருந்த காலனியில் குழாயே கிடையாது. அங்கிருந்த பெண்கள் எங்களைப் போன்றவர்களின் மோட்டார் கொட்டகைகளில், கரண்ட்டு வரும் நேரம் பார்த்து, யாராவது திட்டுவதற்கு முன்னால் குடத்தை நிரப்பிக்கொண்டு போவார்கள். தொட்டியைக் கோயில் தெருவில் கட்டுவதாகச் சித்தப்பா பேசி முடித்திருந்தார். கிராமசபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டியதுதான் பாக்கி.

“காலனிலதான தண்ணி இல்ல? அங்கதான வரணும்?” என்று சித்தி சோறு போட்டுக்கொண்டே கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

“நம்மளுக்கு ஓட்டுப் போட்ட தெருவுல நான் தல காட்ட வாணாமா?”

“ஓட்டு எனுக்குத்தானங்க போட்டாங்க?”

சித்தப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார். சண்டை போடுகிறவர் இல்லை அவர். கைகழுவி வந்து நிதானமாகத்தான் சொன்னார். “நீ கையெழுத்த மட்டும் போடு. வாசிக்கறத நான் வாசிச்சிக்கறன்.”

“நான் வாசிச்சிட்டுப் போடறன்.”

அப்பாவும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கை சோறு வாங்கிக்கொண்டார்.

அன்று காலையில் மழை. கொடியேற்றியதோடு சரி, மற்றதெல்லாம் பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. கிராமசபையையும் விழாவையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. முதலில் தீர்மானங்கள், அப்புறம் நாடகம். நாங்கள் வேஷத்தோடு தயாராக இருந்தோம். அதிகாரி முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருப்பதுதான் நாடகத்தின் தொடக்கம் என்பதால், “நீ போயி ஓரத்து நாற்காலில ஒக்காந்துக்கோ,” என்று சித்தி என்னை அனுப்பினாள். மேடையில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வாளோடு வந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், யாரும் எழுப்பவில்லை. சித்தி வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு வகுப்பறை வாசலில் பிள்ளைகளுக்குத் துணி குத்திக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா தீர்மானத் தாளோடு வந்து மைக்கைத் தட்டினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. தலைவர் சார்பாக நான்…”

நான் எழுந்தேன். வாளை உருவினேன். “பேச்சாளரே, நிறுத்தும்!”

சித்தப்பா நிறுத்திவிட்டார்.

இன்றும் எனக்கு அதிர்ச்சி அதுதான். நான் கத்தியது பெரிதில்லை, பத்து வயதில் எல்லாரும் கத்துகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசாத அந்த மனிதர், மைக்கைப் பிடித்தபடி, வாய் திறந்திருக்க, நின்றுபோனார். பிறகு பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: “ஜப்பான் போலீசு வந்துடுச்சிடா! நிறுத்துய்யா!”

ஒரே சிரிப்பு. சித்தப்பாவும் சிரித்தார். “கொஞ்ச நேரம் இரு பாப்பா, உன் ஆட்டம் அப்பறம்,” என்று என் தொப்பியைத் தட்டிவிட்டு மறுபடி மைக்குக்குப் போனார். “மன்னிக்கணும். தலைவர் சார்பாக…”

எதிரில் யார் நின்றால் எனக்கு என்ன? “பேச்சாளரே, நிறுத்தும்! கூட்டம் கலையட்டும்!”

இந்தத் தடவை சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர் நிஜமாகவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பக்கத்திலிருந்தவர் அவரை இழுத்து உட்காரவைத்தார். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. வகுப்பறை வாசலைப் பார்த்தார். சித்தி ஊக்குகளை வாயிலிருந்து எடுத்துப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி நடந்துவந்து மேடை ஏறினாள்.

“சார்பாக எதுக்குங்க? நான் இங்கதான இருக்கன்.”

மைக்கு அதை மலைவரைக்கும் கொண்டுபோயிருக்கும். சித்தப்பா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். ஊரே பார்க்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. தாளைக் கொடுக்கவுமில்லை, இழுத்துக்கொள்ளவுமில்லை. சித்தி அவர் கையிலிருந்து அதை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தாள். தன்னுடைய தாள்களை இடுப்பிலிருந்து எடுத்தாள். வணக்கம் சொன்னாள். முதல் தீர்மானம் தெருவிளக்கோ என்னவோ, அதை வாசித்தாள். அடுத்து, மேல்நிலைத் தொட்டி காலனியில் கட்டப்படும் என்று வாசித்தாள்.

கோயில் தெருக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். “இன்னாங்க இது, பொம்பளைய வெச்சிக்கினு ஆடறீங்களா?” என்று ஒருவர் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார். திடலின் கடைசியில், வேலியோரம் நின்றிருந்த காலனிப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்பா மேடைக்கு வந்தார். தம்பியைப் பொதுவில் திட்ட முடியாது; தம்பி மனைவியைத் தொட முடியாது; அவள் தலைவரும்கூட. மேடையில் மிச்சமிருந்தது நான்தான்.

“இன்னாடி வெளாட்டு இது? எறங்குடி கீழ!” என்று அறைந்தார்.

தொப்பி ஒரு பக்கம் போனது. நான் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தேன். வாள் உடைந்தது. அழவில்லை, அழ வேண்டும் என்பதே தோன்றவில்லை. தரையில் கிடந்தபடி சித்தியைத்தான் பார்த்தேன். மூன்றடி தூரம்கூட இருக்காது. அவள் வருவாள், தூக்குவாள், “புள்ளைய ஏன் மாமா அடிக்கறீங்க?” என்று அப்பாவைக் கேட்பாள் என்று நினைத்தேன். சித்தியின் குரல் ஒரு நொடி நின்றது. பிறகு, “நிதி ஒதுக்கீடு பின்வருமாறு,” என்று தொடர்ந்தது.

என்னைத் தூக்கிக்கொண்டு போனது அம்மா. நாடகம் நடக்கவேயில்லை.

தொட்டி காலனியில்தான் வந்தது, இன்றும் இருக்கிறது. சித்தப்பா நெடுநாள் சித்தியோடு பேசவில்லை. அடுத்த தேர்தலில் சித்தியை நிற்கவிடவில்லை. நான் சித்தியோடு பேசாமல் இருந்தது அதைவிடச் சற்று அதிக நாள். எனக்குத் தொட்டியும் தெரியாது, தீர்மானமும் தெரியாது. கீழே கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி தாளை வாசிப்பாளா என்பதுதான் என் வழக்கு. அன்று அவள் குனிந்து என்னைத் தூக்கியிருந்தால், நிமிரும்போது மைக்கு வேறொருவர் கையில் இருந்திருக்கும் என்பது பத்து வயதில் எட்டவில்லை.

பின்னாளில் ஜப்பானைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சித்தியின் நாடகம் கவனமாக எழுதப்பட்டது. அந்தச் சட்டம் 1900-இல் வந்தது. பெண்கள் அரசியல் கூட்டத்துக்குப் போகலாம் என்று 1922-இல் திருத்தினார்கள். 1925-இல் சொத்து இல்லாத ஆண்களுக்கும் வாக்கு கிடைத்தது. பெண்கள் 1946 வரை காத்திருந்தார்கள். மேடையில் உட்கார்ந்த அதிகாரியும் வாளும் உண்மை. ஒன்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ‘சார்பாக’ என்று சொன்னால் நிறுத்த வேண்டும் என்று அங்கே யாருக்கும் உத்தரவு இருந்ததாகத் தெரியவில்லை. அது சித்தியின் சொந்தச் சரக்கு.

சித்தி இப்போது கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது அந்த வார்த்தையைப் பற்றிக் கேட்டேன். “நாடகம்னா ஏதாச்சும் ஒரு வார்த்த வோணும் இல்ல?” என்று சிரித்தாள். அப்பா என்னை அறைந்ததைப் பற்றிக் கேட்டேன். சிரிப்பு போய்விட்டது.

“அடிச்சாரா? உன்னையா? நான் தாளைத்தான பாத்துக்கினு இருந்தன். எனுக்குத் தெரியவே தெரியாதுடி.”

பார்த்தாள் என்கிறாள் அம்மா. அப்பா இப்போது இல்லை. அந்த ஒரு நொடி, சித்தி என்னைப் பார்த்ததால் குரல் நின்றதா, தாளைத் திருப்புவதற்காக நின்றதா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.