பட்டனில் கொம்பு, பாலிபேக்கில் கொழுப்பு

பனியன் கம்பெனியில் துணியும் நூலும் தவிர மிச்சம் எல்லாவற்றையும் வாங்கிப் போடுகிற வேலை என்னுடையது. பட்டன், ஜிப், எலாஸ்டிக், லேபிள், கயிறு, பாலிபேக், அட்டைப்பெட்டி. இருக்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாது, இல்லாதபோது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போனால் பேர் புரொடக்‌ஷனுக்கு. நூறு பட்டன் குறைந்தால் பேர் எனக்கு. திருப்பூரில் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே திட்டை வாங்கிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்!

ஆனாலும் ஒரு வருஷக் கதை சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் ஐரோப்பிய பையர் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. அவர்களுக்குப் போகும் உடுப்பில், அதில் தைத்ததில், அதைச் சுற்றியதில், மிருகத்திலிருந்து வந்தது எதுவும் இனி இருக்கக் கூடாதாம். ஒவ்வொரு சப்ளையரிடமும் எழுதி வாங்க வேண்டும். பருத்தி பனியனில் மாடு எங்கே வரப்போகிறது, ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். தோண்டத் தோண்ட மாடு வந்துகொண்டே இருந்தது.

பைக்குள்ளே

முதல் கடிதம் பாலிபேக் போடும் சின்னச்சாமி அண்ணனுக்கு. வெறும் பிளாஸ்டிக் பைதானே என்றுதான் அவரிலிருந்து ஆரம்பித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க அம்மிணி, பையில ஏதுங்க மாடு?" என்றார். எதற்கும் பை செய்யப் பிளாஸ்டிக் மணி தருகிறவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

மூன்று நாள் கழித்து நேரில் வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. பை ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு பிரிவதற்கு ஒரு பொடி சேர்க்கிறார்களாம். அந்தப் பொடி மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வருமாம், பனை எண்ணெயிலிருந்தும் வருமாம். இவர் வாங்கியதில் எது என்று விற்றவருக்கே தெரியவில்லை. எலாஸ்டிக்கில் இருக்கிற ரப்பருக்கும் அதே கதைதான் என்று கேட்டுவிட்டு வந்திருந்தார். டீ கொடுத்தேன். பாதி டீயில் நிறுத்தி, சன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாடு எங்க பையத் திங்கறது தெரியுமுங்க. எங்க பைக்குள்ள மாடு இருக்கறது இப்பத்தானுங்க தெரியுது."

மூன்று துண்டு

குழந்தை உடுப்புக்குச் சாயம் போட்டு முடிந்ததும் கடைசியாக சாஃப்ட்னர் கொடுப்போம். வெள்ளைச் சோப்புச் சீவல் மாதிரி இருக்கும். வெந்நீரில் கரைத்து விட்டால் துணி வெண்ணெயாகிவிடும். விசாரித்தால், அதுவும் மாட்டுக் கொழுப்பு. மாற்று கொண்டுவரச் சொன்னதில் பனை எண்ணெயில் செய்த இரண்டு சாம்பிள் வந்தன. பழையதையும் சேர்த்து மூன்று துண்டுத் துணியில் போட்டு, பின்னால் மட்டும் நம்பர் எழுதி, செக்கிங் மேஜைக்கு எடுத்துப் போனேன்.

செக்கிங்கில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கம். இருட்டில் கொடுத்தாலும் துணியைத் தடவி எந்த மெஷினில் ஓடியது என்று சொல்லிவிடுகிற கை. இரண்டு வயதுப் பையனை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே புருஷனோடு லைன் வீட்டில் இருந்தாள். பொங்கலுக்குப் பார்த்தது, ஏழு மாதம் ஆகியிருந்தது. தினமும் போனில் முகம் காட்டுவான் என்பாள். போன் எப்போதும் அவள் இடுப்பிலேயே இருக்கும்.

மூன்று துண்டையும் அவள் முன் வைத்து, எது நல்லா இருக்கு சொல்லு என்றேன். கையால் தடவினாள். அப்புறம் சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டாவது துண்டைக் கன்னத்தை விட்டு எடுக்கவே இல்லை. எனக்குத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லாமலே தெரிந்துவிட்டது, அது பழைய சாஃப்ட்னர். இது இனி வராது, மற்ற இரண்டில் ஒன்று சொல்லு என்றேன். துண்டை மடித்து மேஜையில் வைத்தாள். "மத்த ரெண்டும் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா துணி மாதிரி இருக்கு."

தோல் கயிறு

அடுத்து மாட்டியது தோல் கயிறு. ஹூடி ஜிப்பைப் பிடித்து இழுக்க நுனியில் சின்னதாக ஒரு மாட்டுத்தோல் கயிறு கட்டுவோம். அது அப்பட்டமான மாடு, யாரிடமும் கேட்க வேண்டியதே இல்லை. ஸ்டோரில் இருந்த ஏழு சுருளையும் ஒரு மூலையில் போட்டு "உபயோகிக்கக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்.

அயர்னிங்கில் சோமா என்று ஒருவர், ஜார்க்கண்ட்காரர், நாற்பது வயதிருக்கும். வந்து ஆறு வருஷம் ஆகியும் என்னிடம் அதுவரை "வணக்கம் அக்கா"வைத் தாண்டிப் பேசியதில்லை. அன்றைக்கு ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். அந்தக் கயிறு வேண்டுமாம். எதற்கு என்றால் கையாலேயே காட்டினார்: இடுப்பில் குறுக்கே மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் தட்டுகிற மேளம். அதன் பேர் மாந்தர். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் ரயிலில் கொண்டுவந்து கொடுத்தது, நம் ஊர் வெயிலில் அதன் தோல் வார் எல்லாம் வெடித்துப்போய்க் கிடக்கிறது. மழைக்காலத்தில் அவர்கள் ஊரில் ஒரு திருவிழா. மரக்கிளையை நட்டு வைத்து விடிய விடிய சுற்றி ஆடுவார்களாம். லீவு கேட்டிருந்தார். ஷிப்மெண்ட் இருந்ததால் கிடைக்கவில்லை.

இரண்டு சுருளுக்கு கேட் பாஸ் எழுதிக் கொடுத்தேன். மூன்று மூன்றாகப் பின்னி வார் செய்துகொண்டார். திருவிழா நாளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டிங் செக்‌ஷன் பின்னால் இருந்து சத்தம் வந்தது. நானும் போய்ப் பார்த்தேன். வேப்பமரத்துக் கிளை ஒன்றை எண்ணெய் டின்னில் நட்டிருந்தார்கள். எட்டுப் பேர் கை கோத்து ஆட, சோமா கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். பெல் அடித்ததும் நிறுத்தினார். நல்லா இருந்துச்சுங்க என்றேன். மேளத்தைத் துடைத்தபடி அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சத்தம் வந்துச்சு அக்கா. ஊர் வரல."

அன்வர் பாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நல்ல விலை போலோ டீ-ஷர்ட்டுக்குக் கொம்பு பட்டன் வைப்போம். மாட்டுக் கொம்பையும் எருமைக் கொம்பையும் அறுத்து, கடைந்து, மெருகு ஏற்றிச் செய்வது. உத்தரப்பிரதேசத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து அன்வர் பாய் அனுப்புவார். பதினோரு வருஷம் அவரிடம் வாங்கினேன். அவர் திருப்பூருக்கு வந்ததில்லை, நான் அங்கே போனதில்லை. எனக்குத் தெரிந்த இந்தி முழுக்க அவரிடம் போனில் படித்தது. முதல் தடவை நான் அவரைக் கூப்பிட்டபோது இங்கே பேய் மழை, ஸ்டோர் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. விலையைச் சொல்லாமல், "மேடம், கொஞ்சம் போனை வெளியில நீட்டுங்க" என்றார். நீட்டினேன். அன்றிலிருந்து எந்தப் போனிலும் முதல் கேள்வி, "உங்க ஊர்ல மழையா?" திருப்பூரில் எங்கே மழை! இல்லை என்பேன். சிரிப்பார். அப்புறம்தான் ஷேடும் சைஸும்.

ஒரு கொம்பு பட்டன் மாதிரி இன்னொன்று இருக்காது. எல்லாம் ஒரே நிறத்தில் வேண்டும் என்று பையர் அடம் பிடிப்பார். பாயிடம் சொன்னால், "மேடம், மாடு ஒவ்வொன்றும் வேற வேற வெயிலில் நின்றிருக்கும்" என்பார். இதை நான் எந்த மெயிலில் எழுதுவது? நாற்பத்தாறு வயதாகிறது எனக்கு. கல்யாணம் அமையவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் காலம் ஓடிவிட்டது. வருத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் டேபிள் மேல் அந்த ஊர் நம்பர் மின்னினால், எடுப்பதற்கு முன் முந்தானையைச் சரி செய்துகொள்வேன். போனில் என்ன தெரியப்போகிறது!

பட்டனை நிறுத்தச் சொல்லி நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டார். ஒரு வார்த்தை கோபமில்லை. பத்து நாளில் ஒரு சின்னப் பார்சல் வந்தது. பில் இல்லை, கடிதம் இல்லை, ஒரு கொம்புச் சீப்பு மட்டும். தேன் நிறம். இன்றைக்கும் அதில்தான் தலை வாருகிறேன், முடி சிக்குவதில்லை. பிளாஸ்டிக் பட்டன் வந்தது, எல்லாம் ஒரே நிறத்தில். பையருக்குப் பரம சந்தோஷம்.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பாயின் நம்பரை எடுத்தேன். இரண்டு ரிங் போனதும் பயந்து கட் பண்ணிவிட்டேன். உடனே திருப்பிக் கூப்பிட்டார். "மேடம், ஆர்டரா?" இல்லை என்றேன். அப்புறம், "இங்க மழைங்க பாய்" என்று சொல்லிவிட்டேன். சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அவர் காது கொடுத்துக் கேட்டார். "சத்தம் ஒண்ணும் வரல மேடம். இருந்தாலும் நல்லா பெய்யட்டும்."

எந்த ஊர் மாடு

எங்கள் முதலாளி குண்டடம் கிராமத்துக்காரர். மாட்டுக் கொட்டாயில் நாலு மெஷின் போட்டு ஆரம்பித்தவர். மெஷின் பெருகப் பெருக மாடு குறைந்து, கடைசி ஜோடிக் காளையை விற்றுவிட்டு அந்த இடத்திலும் மெஷின் போட்டார். அதற்கு அப்புறம் மாட்டைப் பற்றி அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

அந்த வருஷம்தான், அறுபத்திரண்டு வயதில், நெஞ்சு அடைத்து விழுந்தார். இதயத்தில் ஒரு வால்வு பழுது. செக்கில் கையெழுத்து வாங்க நான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது டாக்டர் வந்து விளக்கினார். உலோகத்தில் செய்தது வைக்கலாம், நெடுநாள் உழைக்கும், ஆனால் காலத்துக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போட வேண்டும். இல்லாவிட்டால் மாட்டு இதயத்தைச் சுற்றி இருக்கிற சவ்வில் செய்த வால்வு. மாத்திரைத் தொல்லை குறைவு. அம்மா, அதாவது அவர் சம்சாரம், சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டார். முதலாளி மட்டும் ரொம்ப நிதானமாகக் கேட்டார், "எந்த ஊர் மாடுங்க?" டாக்டர் இந்த மாதிரிக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வெளிநாட்டு மாடுதான் என்றார். "பரவாயில்லீங்க, அதையே வைங்க" என்று படுத்துக்கொண்டார்.

பிழைத்து வந்தார். ஆறு மாதம் கழித்து, அட்டைப்பெட்டி சப்ளையர் ஒருவரைப் பார்க்க இருவரும் காங்கேயம் போய்த் திரும்பினோம். வழியில் மாட்டுச் சந்தை. காரை நிறுத்தச் சொன்னார். வெயிலில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஞாபகப்படுத்தியும் கேட்கவில்லை. கூட்டத்துக்குள் போய் சாம்பல் நிற மயிலைக் காளை ஒன்றின் பக்கத்தில் நின்றார். திமில் கருத்து, கொம்பு நெட்டுக்குத்தாக நின்றது. அதன் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுப் பக்கமாகக் கையை வைத்தார். அது தோலைச் சிலிர்த்தது, நகரவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை. நான் மணி பார்க்கவில்லை, வெகு நேரம்தான்.

காளைக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "நாலு பல்லுதானுங்க ஆச்சு, எளசு, ஏர்ல பழக்கிருக்குது. ஓட்டிட்டுப் போறீங்களா?" என்றார். முதலாளி திரும்பினார், கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "இல்லீங்க. கட்டறதுக்கு எடமில்லீங்க. சொந்தக்காரங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கொழுப்புக்குப் பனை எண்ணெய், தோலுக்கு நைலான், கொம்புக்குப் பிளாஸ்டிக் என்று எல்லாவற்றுக்கும் மாற்று வாங்கிப் போட்டாயிற்று, ஆனால் அவற்றோடு சேர்ந்து போனதற்கு மாற்று திருப்பூர் காதர்பேட்டைக் கடைகள் முழுக்கத் தேடியும் கிடைக்காததால், என் பர்ச்சேஸ் லிஸ்டில் அந்த ஒரு ஐட்டம் மட்டும் இன்றுவரை பெண்டிங்.